கேட்ட செவியின் கடன்

ஓர் இசையைக் கேட்டு மகிழ்கிறோம். இசைத்தவருக்குக் கூலி கொடுத்துவிடுகிறோம். அத்துடன் கணக்குத் தீர்ந்துவிடுகிறதா? கடையில் அரிசி வாங்கியவன் விலையைக் கொடுத்ததும் கடைக்காரருக்குக் கடன்பட்டவனாக இருப்பதில்லை. இசையும் அவ்வாறு விலைக்கு வாங்கப்படும் பொருள்தானா? இசைத்தவர் எங்கு வாழ்கிறார், ஏன் அங்கு வாழ்கிறார், அந்த இசையை அவர் தாமே விரும்பிக் கற்றாரா, அல்லது பிறப்பின் பெயரால் அது அவர் தோளில் மாட்டப்பட்டதா என்னும் வினாக்களுக்கும் கேட்பவரின் இன்பத்திற்கும் தொடர்பு உண்டா, இல்லையா?

ஒழுக்கவியல் நூல்களில் இவ்வினாவுக்குப் பெரிய இடம் இல்லை. ஆயினும் பெரம்பலூர், அரியலூர் மாவட்டங்களில் வாழும் நமக்கு இது ஒவ்வொரு சாவு வீட்டிலும், ஒவ்வொரு திருவிழாவிலும் எதிர்ப்படும் வினா. ஊர்த் தெருவுக்கும் காலனித் தெருவுக்கும் இடையே உள்ள தொலைவை நாள்தோறும் கடந்து வரும் ஒலி ஒன்று நம்மிடையே இருக்கிறது. அது பறை. இம்மண்ணில் அதைத் தப்பு என்றும் சொல்கிறோம். அந்த ஒலி வருகிற வழியில் அதை எழுப்பும் மனிதரும் தடையின்றி வர முடிகிறதா என்பதே இக்கட்டுரை எண்ணிப் பார்க்க விரும்புவது.

கடல் கடந்த ஒரு சான்று

நமக்கு நெருங்கியதைத் தெளிவாகப் பார்க்கச் சில வேளைகளில் தொலைவிலுள்ளதைப் பார்த்துவிட்டு வருவது நன்று. அமெரிக்காவின் நியூயார்க் நகரில் ஹார்லெம் என்னும் பகுதி உண்டு. தென் மாநிலங்களின் பருத்தி வயல்களையும் அங்கு நிலவிய கொடுமைகளையும் விட்டு வடக்கே வந்த கறுப்பின மக்கள் நெருங்கி வாழ்ந்த இடம் அது. நகரின் வேறு பல பகுதிகளில் அவர்களுக்கு வீடு கிடைக்கவில்லை என்பதும் அந்நெருக்கத்திற்கு ஒரு காரணம். அப்பகுதியிலும், சிகாகோவின் தென்பகுதியிலும், மெம்பிஸ் நகரின் பீல் தெருவிலும், நியூ ஆர்லியன்ஸ் நகரின் ட்ரெமே பகுதியிலும் இரவுதோறும் ப்ளூஸ் இசையும் ஜாஸ் இசையும் ஒலித்த அரங்குகள் இருந்தன. இருபதாம் நூற்றாண்டின் உலக இசையில் பெரும்பகுதி அத்தெருக்களிலிருந்தே கிளம்பியது எனலாம்.

ஹார்லெமில் 1923 முதல் 1935 வரை 'காட்டன் கிளப்' என்னும் புகழ்பெற்ற அரங்கு நடைபெற்றது. மேடையில் பாடியவர்களும் ஆடியவர்களும் இசைத்தவர்களும் கறுப்பினத்தவர். இருக்கைகளில் அமர்ந்து கேட்கும் உரிமை வெள்ளையருக்கே இருந்தது. டியூக் எலிங்டன் என்னும் பெருங்கலைஞர் 1927 முதல் 1931 வரை அங்கே தம் குழுவை நடத்தினார். அவர் இசை அங்கிருந்து வானொலி வழியாக நாடெங்கும் சென்றது. ஆனால் அவ்வரங்கு நின்ற தெருவில் குடியிருந்த அவருடைய இனத்தவர் பணம் கொடுத்தாலும் உள்ளே அமர்ந்து அதைக் கேட்க இயலாது. அரங்கின் அலங்காரமோ அடிமைக் காலத்துத் தோட்டப் பண்ணையை நினைவூட்டுமாறு அமைக்கப்பட்டிருந்தது. தம் முன்னோரின் துயரத்தையே திரைச்சீலையாகத் தொங்கவிட்டு, அதன் முன்னே அவர்களை இசைக்கச் செய்தார்கள்.

அங்கு வந்த கேட்போரைக் கொடியவர் என்று சொல்லிவிட முடியாது. பலர் உண்மையான இசையார்வத்தோடு வந்தவர்கள், கைதட்டியவர்கள், நல்ல கட்டணம் கொடுத்தவர்கள். ஆயினும் அக்கைதட்டல் பன்னிரண்டு ஆண்டுகளாகியும் அந்தக் கதவைத் திறக்கவில்லை. இசையை விரும்புவது வேறு, இசைப்பவரைத் தமக்கு நிகரானவராக ஏற்பது வேறு. முன்னது பின்னதைத் தானாகவே கொண்டுவந்துவிடாது என்பதற்கு இது ஒரு சான்று.

நியூ ஆர்லியன்ஸ் நகரின் வரலாறு கத்தோலிக்கராகிய நமக்கு இன்னும் நெருக்கமானது. அடிமைகளாக இருந்த ஆப்பிரிக்க மக்கள் ஞாயிற்றுக்கிழமைகளில் கூடி முழவு கொட்டி ஆடிய காங்கோ சதுக்கம் ட்ரெமே பகுதியில் உள்ளது. அதே பகுதியில் 1842-ஆம் ஆண்டு புனித அகுஸ்தினார் ஆலயம் நேர்ந்தளிக்கப்பட்டது. அக்காலத்தில் ஆலய இருக்கைகளைக் குடும்பங்கள் பணம் கொடுத்துப் பெறும் வழக்கம் இருந்தது. விடுதலை பெற்றிருந்த கறுப்பின மக்கள் தங்களுக்கென இருக்கைகளை வாங்கியதோடு நிற்கவில்லை. பக்கவாட்டு இருக்கைகளையும் வாங்கி, இன்னும் அடிமைகளாக இருந்தவர்கள் அமர்ந்து வழிபடுவதற்கென அவற்றைக் கொடுத்தார்கள். அந்நகரில் இறந்தவரை ஊதுகுழல்களோடும் முழவோடும் கல்லறைக்கு அழைத்துச் செல்லும் மரபு இன்றும் உண்டு. போகும்போது துயரப் பண். அடக்கம் முடிந்து திரும்பும்போது துள்ளலான பண். சாவு ஊர்வலத்தில் பறை கேட்டு வளர்ந்த நமக்கு இதை எவரும் விளக்கிச் சொல்லத் தேவையில்லை.

அந்நகரில் பிறந்து உலகப் புகழ் பெற்ற லூயி ஆம்ஸ்ட்ராங் சில ஆண்டுகள் தம் ஊரில் இசைக்க மறுத்தார். வெள்ளையரும் கறுப்பரும் ஒரே மேடையில் சேர்ந்து இசைப்பதை 1956-இல் லூசியானா மாநிலச் சட்டம் தடை செய்ததே காரணம். அத்தடை நீங்கியபின், 1965-இல்தான் மீண்டும் அங்கு வந்து இசைத்தார். தம் இசையைக் கேட்க விரும்பிய ஊருக்கு அவர் கொடுத்த மறுமொழி மௌனம்.

நம் மண்ணின் அரங்கு

இனி நம் ஊருக்குத் திரும்புவோம். பெரம்பலூர் மாவட்டம் 1995-இல் திருச்சிராப்பள்ளியிலிருந்து பிரிக்கப்பட்டது. அரியலூர் 2007-இல் நிலையாகத் தனி மாவட்டமாயிற்று. 2011-ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பின்படி பெரம்பலூர் மாவட்ட மக்களில் நூற்றுக்கு ஏறத்தாழ 31 பேர் பட்டியல் சாதியினர். தமிழகத்தில் இவ்விகிதம் மிகுந்த மாவட்டங்களுள் இதுவும் ஒன்று. ஆகவே பறையின் கதை இங்கே ஒரு சிறுபான்மையின் கதையாக ஒதுக்கிவிடத் தக்கதன்று.

பறைக்குக் கட்டடத்தால் ஆன அரங்கு இல்லை. தெருமுனையில் மூட்டப்படும் வைக்கோல் தீதான் அதன் அரங்கு. மரத்தை வளைத்து இழைத்த மூன்று துண்டுகளை இரும்புப் பட்டைகளால் இணைத்து வட்டச் சட்டமாக்கி, பதப்படுத்திய மாட்டுத் தோலைப் புளியங்கொட்டைப் பசையால் அதன்மேல் ஒட்டுவார்கள். தோல் ஈரக் காற்றில் தளர்ந்துவிடும். தீயில் காட்டினால்தான் இறுகிக் குரல் கொடுக்கும். ஒரு கையில் தடித்த குட்டைக் குச்சி, மறு கையில் மெல்லிய நீண்ட குச்சி. தோளில் மாட்டி நெஞ்சருகே அணைத்துப் பிடித்துக்கொண்டே ஆடவும் வேண்டும். சப்பரத்து அடி, சாமிச்சாட்டு அடி, மருளடி, ஒத்தையடி, வாழ்த்தடி எனச் சூழலுக்கேற்ப அடிகள் வேறுபடும். ஏட்டில் எழுதப்படாத இந்த இலக்கணத்தைத் தகப்பன் அடிக்கக் கேட்டே மகன் கற்றான். இதைக் கல்வியறிவற்ற ஓசை என்று எண்ணுவோர் ஒரு நாழிகை அதை அடித்துப் பார்க்கட்டும்.

பழந்தமிழ் இலக்கியம் பறையை இழிவாகப் பேசவில்லை. ஒவ்வொரு நிலத்திற்கும் உரிய கருப்பொருள்களை எண்ணும் தொல்காப்பியம் தெய்வத்தோடும் உணவோடும் மரத்தோடும் பறையையும் சேர்த்தே எண்ணுகிறது. புறநானூற்றின் 335-ஆம் பாடல் சிறந்த குடிகளாக நான்கைச் சொல்லும்போது பறையனையும் அவற்றுள் ஒன்றாக வைக்கிறது. திருப்பாவைப் பெண்கள் இறைவனிடம் கேட்டு நிற்பதும் 'பறை'யே. பறைதல் என்றால் சொல்லுதல். மலையாளத்தில் இன்றும் அதுவே வழக்கு. செய்தியைச் சொல்லும் கருவிக்கு அப்பெயர் பொருத்தமாகவே அமைந்தது.

இத்தகைய கருவி எப்படி இழிவின் அடையாளமாயிற்று? கருவியில் மாற்றம் ஏதும் நிகழவில்லை. செத்த மாட்டின் தோல், சாவுத் தீட்டு, ஊருக்குச் செய்தே தீர வேண்டிய ஊழியம் ஆகிய மூன்றும் அக்கருவியைத் தொட்டவர்மேல் சுமத்தப்பட்டன. இசை பிறப்புவழிக் கட்டாயமாயிற்று. ஊரில் எவர் இறந்தாலும் வந்து அடிக்க வேண்டும், மறுக்கக் கூடாது, பேரம் பேசக் கூடாது, கொடுப்பதை எட்ட நின்று பெற்றுக்கொள்ள வேண்டும். சமூகத்தின் பெயரே ஆங்கிலத்தில் 'பரியா' என்னும் சொல்லாகி, எங்கும் ஏற்கப்படாதவன் என்னும் பொருளில் உலகெங்கும் வழங்கலாயிற்று. ஓர் இசைக்கருவியின் பெயர் உலக அகராதிகளில் புறந்தள்ளப்பட்டவரைக் குறிக்கும் சொல்லாக நிற்பதைப் போன்ற துயரம் வேறொன்று உண்டோ?

அடிக்க மறுத்தவரும், மீண்டும் எடுத்தவரும்

எண்பதுகளிலும் தொண்ணூறுகளிலும் தமிழகமெங்கும் தலித் இளைஞர்கள் பலர் சாவுக்குப் பறையடிக்க மாட்டோம் என்று உறுதி பூண்டனர். சில இடங்களில் பறைகளைத் தீயிலிட்டார்கள். அம்மறுப்பின் காரணமாக ஊர்க் கட்டுப்பாடும் மோதல்களும் எழுந்த இடங்கள் உண்டு. தண்டோரா போட ஆள் வைக்கும் வழக்கத்தை ஒழிக்குமாறு தமிழக அரசு ஆணையிட்டதும் அண்மையில், 2022-ஆம் ஆண்டில்தான்.

அதே காலத்தில் வேறொரு குரலும் எழுந்தது. இழிவு கருவியில் இல்லை, கட்டாயத்தில்தான் இருக்கிறது. கட்டாயத்தை எரிப்போம், கருவியைக் காப்போம் என்றார்கள் சிலர். மதுரை தமிழ்நாடு இறையியல் கல்லூரியில் பணியாற்றிய அருள்திரு தியோபிலஸ் அப்பாவு, 'பரட்டை' என்னும் பெயரில், நாட்டுப்புற மெட்டுகளையும் பறையையும் வழிபாட்டுக்குள் கொண்டுவந்தார். திண்டுக்கல்லில் கத்தோலிக்கத் துறவியான சகோதரி சந்திரா போன்றோரின் முயற்சியால் தோன்றிய சக்தி கலைக்குழுவில் தலித் இளம்பெண்கள் பறையைத் தோளில் மாட்டினார்கள். ஆண்களுக்கே உரியதென்று கருதப்பட்ட கருவியைப் பெண்கள் எடுத்தது இரண்டு தளைகளை ஒருங்கே அறுத்த செயல். மதுரை அலங்காநல்லூரைச் சேர்ந்த வேலு ஆசானுக்கு 2025-இல் பத்மஸ்ரீ விருது அறிவிக்கப்பட்டபோது, நாட்டின் தலைநகர் ஒரு பறைக்கலைஞரின் பெயரை மரியாதையோடு உச்சரித்தது.

மறுத்தவர் சரியா, மீண்டும் எடுத்தவர் சரியா? விவிலியம் இருவருக்கும் இடம் தருகிறது. பாபிலோனுக்குச் சிறைப்பட்டுப் போனவர்களிடம் சிறைப்பிடித்தவர்கள் சீயோனின் பாடலொன்றைப் பாடச் சொன்னதையும், அவர்கள் யாழ்களை மரங்களில் மாட்டிவிட்டு அமர்ந்ததையும் 137-ஆம் திருப்பாடல் சொல்கிறது. தங்களை அடக்கி வைத்தவரின் கேளிக்கைக்காக இறைவனின் பாடலைப் பாட மறுத்த அம்மௌனத்தைத் திருச்சபை இன்றுவரை இறைவேண்டலாகவே ஓதி வருகிறது. மறுபுறம், செங்கடலைக் கடந்தவுடன் மிரியாம் தன் கையில் கொட்டை எடுத்துக்கொண்டு பெண்களோடு ஆடிப் பாடியதை விடுதலைப் பயண நூல் சொல்கிறது. இரண்டிலும் உள்ளவர்கள் ஒரே மக்கள். யாழை மாட்டி வைத்ததும் கொட்டை எடுத்ததும் அவர்களே முடிவு செய்த செயல்கள் என்பதுதான் இரண்டுக்கும் பொது. ஆகவே எது சரி என்று வெளியே நிற்பவர் தீர்ப்புச் சொல்வதற்கு முன், தீர்மானிக்கும் உரிமை எவருடையது என்று கேட்க வேண்டும்.

ஒரு மறுப்புரை

இங்கே நேர்மையான ஒரு மறுப்புரை எழக்கூடும். 'ஈராயிரம் ஆண்டுப் பழமையுள்ள கலை அழிந்துபோகலாமா? படித்த இளைஞர்கள் எல்லாரும் திருப்பூருக்கும் சென்னைக்கும் வெளிநாட்டுக்கும் போய்விட்டால் பறையை யார் அடிப்பார்? ஏற்கெனவே திருவிழாக்களில் செண்டைமேளமும் ஒலிபெருக்கியும் வந்துவிட்டன. தோலுக்குப் பதில் செயற்கைப் பரப்பு வந்துவிட்டது. நம் பண்பாட்டைக் காப்பது அவர்கள் கடமையும் அன்றோ?'

இம்மறுப்பில் உண்மை இல்லாமல் இல்லை. கலையின் அழிவு உண்மையான இழப்பே. அமெரிக்காவிலும் இது நேர்ந்தது. குடியிருப்புத் தடைகள் தளர்ந்து, வசதி பெற்ற கறுப்பின மக்கள் வேறு பகுதிகளுக்குச் சென்றபோது பழைய தெருக்களின் அரங்குகள் பல விளக்கணைந்தன. எஞ்சியவற்றைப் பல இடங்களில் நகரச் சீரமைப்பு இடித்தது. நியூ ஆர்லியன்ஸின் கிளைபோர்ன் சாலையில் கறுப்பின மக்கள் கூடி மகிழ்ந்த ஓக் மரங்கள் 1966-இல் வெட்டப்பட்டு, அவ்விடத்தில் உயர்மட்ட நெடுஞ்சாலை எழுந்தது. மெம்பிஸ் நகரின் பீல் தெருவைச் சுற்றியிருந்த கட்டடங்களில் பெரும்பாலானவை இடிக்கப்பட்டன. அதே காலத்தில், 1977-இல், அத்தெருவை ப்ளூஸ் இசையின் இல்லம் என்று அந்நாட்டுப் பேரவை அறிவித்தது. வீடுகளை இழந்த தெருவுக்குப் பட்டம் கிடைத்தது.

எனினும் இரண்டு அழிவுகளையும் ஒன்றாக்கக் கூடாது. மனிதர் தம் விருப்பால் வெளியேறுவதால் ஒரு தெரு அமைதியாவது ஒன்று. பிறர் வந்து இடிப்பதால் அமைதியாவது மற்றொன்று. முன்னதற்காக நாம் வருந்தலாம்; ஆனால் அதைத் தடுக்க நமக்கு உரிமையில்லை. சுவர் மீண்டும் எழட்டும், பாடல் மீண்டும் கேட்கட்டும் என்று சுவருக்கு உள்ளே வாழ்ந்தவர் எவரும் மன்றாட மாட்டார். சுவருக்கு வெளியே நின்று கேட்டவர்தான் அப்படி ஏங்கக்கூடும்.

அரியலூர் மண் ஒரு காலத்தில் கடலாக இருந்தது. அக்கடலில் வாழ்ந்த உயிர்களின் புதைபடிவங்களைத் திரட்டி வாரணவாசி அருங்காட்சியகத்தில் வைத்திருக்கிறார்கள். அது பாராட்டத்தக்க பணி. ஏனெனில் புதைபடிவத்திற்கு விருப்பு வெறுப்பு இல்லை, எதிர்காலம் இல்லை. பறையடிக்கும் மனிதருக்கு இரண்டும் உண்டு. அவருடைய மகள் செவிலியராகவோ ஆசிரியராகவோ விரும்பினால், ஈராயிரம் ஆண்டுப் பழமையைக் காரணம் காட்டி அவளை நிறுத்த எந்தப் பண்பாட்டுக்கும் உரிமையில்லை. மனிதர் பண்பாட்டைச் சேமித்து வைக்கும் பெட்டகம் அல்லர். அவர்கள் விரும்பி ஏற்கும்படியாகக் கலையை மதிப்புள்ளதாக்குவதே அதைக் காக்கும் ஒரே நேர்மையான வழி.

அவ்வாறாயின் எல்லாரும் பறை கற்கலாமே. ஊர்த் தெருப் பிள்ளைகளும் கற்றால் அது பிறப்பின் அடையாளமாக நிற்காதே என்று சிலர் கேட்கின்றனர். கல்லூரிகளிலும் பட்டறைகளிலும் இன்று அவ்வாறு நடைபெறுவதும் உண்டு. இதிலும் ஓர் ஐயம் எழுகிறது. இழிவைச் சுமந்த காலமெல்லாம் அவர்களிடம் இருந்த கருவி, பெருமை வந்தவுடன் பிறர் கைக்குப் போய்விடுமோ? ஜாஸ் இசையின் வரலாற்றில் புகழையும் பணத்தையும் பிறர் பெற்ற நிகழ்வுகள் ஏராளம். இவ்வையத்தைத் தீர்க்க ஓர் எளிய அளவுகோல் உண்டு: கற்பிப்பவர் யார்? ஊர்த் தெருப் பிள்ளை காலனித் தெருவுக்குச் சென்று, அங்குள்ள முதியவரை 'ஆசான்' என்று அழைத்து, அவர் வீட்டுத் திண்ணையில் அமர்ந்து, அவர் கொடுத்த நீரை அருந்திக் கற்றால், அங்கே இசையோடு வேறொன்றும் கற்பிக்கப்படுகிறது. ஆசானின் இடத்தை நீக்கிவிட்டு அடியை மட்டும் எடுத்துக்கொண்டால், பழைய கொள்ளை புதிய உடையில் தொடர்கிறது.

ஆலய முற்றத்தில்

இவ்வளவும் பிறருக்கு உரைப்பதற்காக அன்று. கும்பகோணம் மறைமாவட்டம் 1899-இல் தோன்றுவதற்கு நெடுங்காலம் முன்பே இப்பகுதியில் நற்செய்தி வேரூன்றியிருந்தது. வீரமாமுனிவர் ஏலாக்குறிச்சியில் அடைக்கல அன்னைக்கு ஆலயம் எழுப்பி, அவ்வூரைத் திருக்காவலூர் என்று பெயரிட்டு அழைத்தார். அடைக்கலம், காவல் என்னும் இரு சொற்களும் நம் பகுதித் திருச்சபையின் அடித்தளத்திலேயே எழுதப்பட்டுள்ளன. எவருக்கு அடைக்கலம்?

இரண்டாம் வத்திக்கான் சங்கம் 1963-இல் வெளியிட்ட திருவழிபாடு பற்றிய கொள்கைத் திரட்டு, மக்களினங்களின் சொந்த இசை மரபுகளுக்கு உரிய மதிப்பும் இடமும் தர வேண்டும் என்று 119-ஆம் எண்ணில் கற்பித்தது. அதற்கு முன்பு சிற்றூர்த் தெய்வ வழிபாட்டோடும் சாவுச் சடங்கோடும் பிணைந்தது என்று பறையை விலக்கி வைத்த மறைப்பணியாளர் பலர். இன்று பல பங்குகளில் கொடியேற்றத்திலும் தேர்பவனியிலும், சில இடங்களில் காணிக்கைப் பவனியிலும்கூடப் பறை முழங்குகிறது. இது நல்ல மாற்றம். மகிழ்ச்சியோடு வரவேற்க வேண்டியது.

ஆனால் காட்டன் கிளப்பிலும் இசைக்கு இடம் இருந்தது என்பதை மறக்கலாகாது. தேருக்கு முன்னே பறை செல்கிறது. அத்தேர் பறையடிப்பவரின் தெருவுக்குள் செல்கிறதா? திருவிழா விருந்தில் அவர்கள் எல்லாரோடும் ஒரே பந்தியில் அமர்கிறார்களா, அல்லது தனியே பொட்டலம் பெறுகிறார்களா? பங்குப் பேரவையிலும் திருவிழாக் குழுவிலும் அவர்கள் பெயர் உண்டா? கல்லறைத் தோட்டத்தில் அவர்கள் எங்கே துயில்கிறார்கள்? திருநெல்வேலிச் சீமையின் வடக்கன்குளம் ஆலயத்தில் சாதிகளைப் பிரித்து நின்ற சுவர் 1910-இல் இடிக்கப்பட்டது. திருச்சி மேலப்புதூர்க் கல்லறைத் தோட்டத்தின் சுவரோ அதன்பின் பல்லாண்டுகள் நம் மனச்சான்றை உறுத்திக்கொண்டிருந்தது. இந்திய ஆயர் பேரவை 2016-ஆம் ஆண்டு டிசம்பரில் வெளியிட்ட தலித் மக்களின் ஆற்றல் பெறுதலுக்கான கொள்கை அறிக்கையில், தீண்டாமை திருச்சபைக்குள்ளும் இருக்கிறது என்று வெளிப்படையாக ஒப்புக்கொண்டது. ஆயர்கள் மறைக்காததைப் பொதுநிலையினராகிய நாம் மறைப்பதற்குக் காரணமில்லை.

தலித் கிறிஸ்தவரின் நிலையில் இன்னொரு கசப்பும் உண்டு. 1950-ஆம் ஆண்டுக் குடியரசுத் தலைவர் ஆணை பட்டியல் சாதித் தகுதியை இந்துக்களுக்கே வரையறுத்தது. பின்னர் 1956-இல் சீக்கியருக்கும் 1990-இல் பௌத்தருக்கும் அது விரிந்தது. கிறிஸ்தவரான தலித்துக்கு அத்தகுதி இல்லை. உங்கள் மறையில் சாதி இல்லையே என்பது அதற்குச் சொல்லப்படும் காரணம். நாட்டின் சட்டத்தின் முன்னே அவர் சாதியற்றவர். நம் தெருவிலோ அவர் சாதிக்காரர். இரண்டு வாயில்களிலும் திருப்பி அனுப்பப்படும் மனிதரின் கையில் உள்ள பறை, நம் கொடியேற்றத்திற்கு மட்டும் உள்ளே அழைக்கப்பட்டால் அது எத்தகைய அழைப்பு?

'எல்லாம் ஒரே நாளில் மாறுமா? முதலில் இசை வரட்டும். பின்னர் மனிதர் வருவர்' என்று சொல்வோர் உண்டு. படிப்படியான மாற்றத்தை ஏளனம் செய்வது இக்கட்டுரையின் நோக்கமன்று. காட்டன் கிளப் வழியே எலிங்டனின் இசை உலகறியப் பரவியது உண்மை. சிறு நன்மையும் நன்மையே. ஆனால் முதற்படியில் நின்றுகொண்டே ஏறிவிட்டதாக எண்ணுவதில் இடர் உண்டு. இசை நுழைந்த வழியே மனிதர் தாமாக நுழைந்துவிடுவதில்லை. எவரேனும் எழுந்து சென்று கதவைத் திறக்க வேண்டியிருக்கிறது. விழாக்களின் ஆரவாரத்தையும் பாடல்களின் ஓசையையும் தம்மிடமிருந்து அகற்றச் சொல்லி, நீதி வெள்ளமாய்ப் பெருகட்டும் என்று ஆமோஸ் வழியாக இறைவன் கேட்டபோது, அவர் இசையை வெறுத்துச் சொல்லவில்லை. நீதியின் இடத்தில் இசையை வைத்துச் சமாதானம் அடைந்த மக்களையே கடிந்தார்.

கடனைத் தீர்க்கும் வழி

தொடக்கத்தில் எழுப்பிய வினாவுக்கு இப்போது மறுமொழி சொல்லலாம். கூலி கொடுத்ததும் கணக்குத் தீர்வதில்லை. காரணம் இது: விலை கொடுத்து வாங்குவது நிகரான இருவருக்கிடையே நடைபெறும் செயல். மறுக்கும் உரிமை விற்பவருக்கு இருக்கும்போதுதான் அது வாணிகம். மறுக்க முடியாதவரிடமிருந்து பெற்றது, எவ்வளவு விலை கொடுத்துப் பெற்றாலும், வாணிகம் ஆகாது. தலைமுறைகளாக மறுக்க முடியாமல் இருந்தவர்களின் இசையைக் கேட்டு நம் முன்னோர் அழுதார்கள். அந்த ஒலியோடுதான் கல்லறைக்குச் சென்றார்கள். அக்கடன் நம் செவிகளின் வழியாக நம்மேல் இறங்கியிருக்கிறது. அதைக் காசாக மட்டும் திருப்பித் தர இயலாது. அவர்கள் எவ்வித அச்சமுமின்றி 'மாட்டோம்' என்று சொல்லக்கூடிய நிலையை உண்டாக்குவதே முதல் தவணை. அவ்வுரிமை உறுதியான பின்பு அவர்கள் 'வருகிறோம்' என்றால், அந்தச் சொல்லுக்குத்தான் பொருள் உண்டு.

நம் பங்குகளில் ஒவ்வோர் ஆண்டும் திருவிழாவுக்கு முன் குழு கூடி வரவு செலவு எழுதுகிறது. பந்தல், மின்விளக்கு, வாணவேடிக்கை, மேளம் என்று பட்டியல் நீள்கிறது. இவ்வாண்டு அப்பட்டியலில் பறை என்னும் வரிக்கு நேரே தொகையை எழுதுமுன் மூன்று செய்திகளைக் கேட்டு உறுதி செய்யலாம். அவர்களிடம் சென்று, விருப்பமா என்று கேட்டோமா? மற்றக் கலைஞருக்குக் கொடுக்கும் அதே மதிப்பூதியத்தை அதே முறையில் கொடுக்கிறோமா? தேர் செல்லும் வழியை எழுதிய தாளில் அவர்கள் தெருவின் பெயர் இருக்கிறதா? மூன்றாவது வினாவுக்கு 'இல்லை' என்பது விடையானால், வழியைத் திருத்தி எழுதப் பெருஞ்செலவு ஆகாது. தெருவிளக்குகள் சிலவற்றைக் கூட்டிப் போட வேண்டியிருக்கும். தேரை இழுப்போர் இன்னும் சற்றுத் தொலைவு நடக்க வேண்டியிருக்கும். அவ்வளவே.